வேலை இந்த மாதம், சம்பளம் அடுத்த மாதம், முற்பணம் இன்றைக்கே

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் வேலை கிடைத்து வவுனியா, முல்லைத்தீவு, மன்னார், மலையகம் என்று பல பக்கத்திலிருந்தும் இளையோர் வருகிறார்கள். வந்த முதல் வாரத்திலேயே பலர் வாடகை அறை தேடிக் களைத்துப் போகிறார்கள். மாத வாடகை கூடிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறோம், அது உண்மைதான். ஆனாலும் மாத வாடகையை இரண்டு பேர் மூன்று பேராகச் சேர்ந்தாவது சமாளித்துவிடுகிறார்கள். சமாளிக்க முடியாமல் போவது கடமையேற்ற நாளுக்கும் முதற் சம்பளம் கைக்கு வரும் நாளுக்கும் இடையில் கிடக்கும் நாற்பது ஐம்பது நாட்களை. முற்பணம், கட்டில், மெத்தை, சாப்பாடு எல்லாம் வந்து விழுவது அந்த நாட்களுக்குள்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மொத்தச் சம்பளம் 45,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 3,600 ரூபா கழிந்தால் கைக்கு வருவது 41,400. (தொழில் கொடுப்பவர் போடும் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 வீதமும் அவர் தன் கையிலிருந்து போட வேண்டியவை. அவற்றையும் சம்பளத்தில் கழித்தால் அது தவறு, கேள்வி கேட்க வேண்டும்.) அறை வாடகை 15,000, முற்பணம் ஆறு மாதம் என்றால் 90,000. முதல் மாத வாடகை 15,000. கட்டில், மெத்தை, மின்விசிறி, வாளி, ரைஸ் குக்கர் என்று 25,000. சம்பளம் வரும் வரை 45 நாளுக்குச் சாப்பாடும் போக்குவரத்தும் நாளுக்கு 600 ரூபாப்படி 27,000. கூட்டினால் 157,000 ரூபா. ஒரு ரூபா உழைக்க முன்னரே ஏறக்குறைய நாலு மாதச் சம்பளம் போய்விடுகிறது. தனியார் துறையின் ஆகக் குறைந்த சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆகவும் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. அந்த 30,000 ரூபாவில் 8 வீதம் கழிந்து 27,600 ரூபாவோடு தொடங்குகிற பிள்ளைக்கு இது ஐந்தரை மாதத்துக்கும் மேல். அம்மாவின் சங்கிலி அடைவுக்குப் போவது இந்த இடத்தில்தான்.

முதற் சம்பளம் ஏன் பிந்துகிறது? தனியார் நிறுவனங்களில் மாதத்தின் இருபதாம் திகதி அளவில் சம்பளப் பட்டியலை மூடிவிடுவார்கள். 22 ஆம் திகதி சேருகிறவரின் பெயர் அடுத்த மாதப் பட்டியலில்தான் ஏறும். ஒன்றாம் திகதி சேர்ந்தால் முப்பது நாளில் கிடைக்கும் பணம் 22 ஆம் திகதி சேர்ந்தால் நாற்பது நாளாகும். சேரும் திகதியைத் தெரிவு செய்யச் சொன்னால் மாதத் தொடக்கத்தையே கேளுங்கள். அது முடியாவிட்டால் "இந்த மாதத்து நாட்களின் சம்பளம் எந்தத் திகதியில் வரும்" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். மாதச் சம்பளத்தை, சம்பளக் காலம் முடிந்து பத்து நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. பயிற்சிக் காலம் என்ற பெயரில் சம்பளத்தை இரண்டு மாதம் நிறுத்தி வைப்பதற்கு அது இடம் தராது.

அரச வேலையில் நிலைமை வேறு. நியமனக் கடிதம், கடமையேற்றதாக நிலையத் தலைவர் அனுப்பும் கடிதம், மருத்துவ அறிக்கை, பிறப்புச் சான்றிதழ், சத்தியக் கடதாசி, வங்கிக் கணக்கு விபரம் எல்லாம் கோவைக்குள் வந்து சேர்ந்த பிறகுதான் பெயர் சம்பளப் பட்டியலில் ஏறும். ஒரு தாள் குறைந்தாலும் கோவை மேசையில் நிற்கும். நிலுவை பிறகு மொத்தமாக வரும், ஆனால் வீட்டுக்காரர் நிலுவைக்குக் காத்திருக்க மாட்டார். ஆகவே ஒவ்வொன்றிலும் மூன்று உறுதிப்படுத்திய பிரதிகளைக் கையோடு கொண்டு வாருங்கள். கடமையேற்றல் கடிதம் கல்வி வலயத்துக்கோ திணைக்களத்துக்கோ போய்ச் சேர்ந்ததா என்று ஒரு கிழமைக்குள் நேரில் விசாரியுங்கள்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு சுழல் உண்டு. சம்பளம் போட வங்கிக் கணக்கு வேண்டும். தேசிய அடையாள அட்டையிலுள்ள விலாசத்தில் ஆள் இல்லையென்றால் இப்போதைய விலாசத்துக்கு வங்கி அத்தாட்சி கேட்கும், மின்பட்டியலோ கிராம அலுவலரின் கடிதமோ. மின்பட்டியலின் பிரதியைக் கொடுத்தால் வீட்டில் உரிமை கொண்டாடுவார்களோ என்று பல வீட்டுக்காரருக்குப் பயம். கிராம அலுவலரும் வீட்டுக்காரரின் சொல் இல்லாமல் எழுத யோசிப்பார். அறை இல்லாமல் விலாசம் இல்லை, விலாசம் இல்லாமல் கணக்கு இல்லை, கணக்கு இல்லாமல் சம்பளம் இல்லை, சம்பளம் இல்லாமல் அறை இல்லை. இதை அறுக்க எளிய வழி, ஊரை விட்டு வெளிக்கிட முன்னர் சொந்த ஊர்க் கிளையிலேயே அடையாள அட்டை விலாசத்தில் கணக்கைத் திறந்து அட்டையோடு வருவது. எந்தக் கிளைக் கணக்கானாலும் சம்பளம் போய் விழும்.

இனி முற்பணம். வீட்டுக்காரர் ஆறு மாதம், ஒரு வருடம் என்று கேட்பதை வெறும் பேராசை என்று சொல்லிவிட முடியாது. 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தின் கீழ் வாடகைக்கு இருந்தவரை எழுப்ப முடியாமல் வருடக்கணக்காக நீதிமன்றம் ஏறி இறங்கிய குடும்பங்களின் நினைவு இன்னும் போகவில்லை. வெளிநாட்டில் இருக்கிற உரிமையாளருக்கு அந்தப் பயம் இரட்டிப்பு. மகளுக்குச் சீதனமாகக் கொடுக்க வைத்திருக்கும் வீட்டை வாடகைக்கு விட்டு, கலியாணம் பேசி வருகிற நேரத்தில் ஆள் எழும்பாவிட்டால் என்ன செய்வது என்று பூட்டியே வைத்திருப்போர் கோண்டாவிலிலும் நல்லூரிலும் எத்தனையோ பேர். பூட்டிய வீடுகள் இருக்கும்போது திருநெல்வேலியிலும் கொக்குவிலிலும் பத்துக்குப் பத்து அறையில் மூன்று பேர் கிடக்கிறார்கள். பல்கலைக்கழக மாணவரும், போதனா வைத்தியசாலை ஊழியரும், புதிதாக வேலைக்கு வருவோரும் ஒரே சில சதுர கிலோமீற்றருக்குள் அறை தேடினால் வேறென்ன நடக்கும்?

அந்தப் பயத்துக்கு முற்பணம் மருந்தாகாது. பெருந்தொகை கொடுத்தவர் அது கழியும் வரை எழும்பவே மாட்டார் என்பதுதான் அனுபவம். ஒழுங்கான குத்தகை உறுதிதான் மருந்து. இங்கே நடப்பது என்னவென்றால், ஒரு தாளில் முத்திரை ஒட்டி, இரண்டு பேர் கையெழுத்து வைத்து, சமாதான நீதவானின் சீல் குத்தி, "ஒரு வருட உடன்படிக்கை" என்று வைத்துக்கொள்கிறோம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் அது குத்தகையாகச் செல்லாது. அந்தத் தாளை நம்பி வீட்டுக்காரரும் இழக்கிறார், இருப்பவரும் இழக்கிறார். நொத்தாரிசு முன் எழுதிய குத்தகை முடிந்தும் ஆள் எழும்பாவிட்டால் உடைமையை விரைவாக மீளப்பெற 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. இந்த ஒரு செய்தி வீட்டுக்காரரிடம் போய்ச் சேர்ந்தாலே ஆறு மாத முற்பணத்தை இரண்டு மாதமாகக் குறைக்கச் சம்மதிக்கக் கூடியவர்கள் இருக்கிறார்கள். நொத்தாரிசுக் கட்டணத்தை இரு பகுதியும் பாதி பாதியாகப் போட்டாலும் குறையும் நாலு மாத முற்பணத்தை நகை அடைவு வைத்துத் திரட்டும் வட்டியை விட அது சின்னக் காசு.

யார் கையெழுத்து வைக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்து வீடுகளில் பெரும்பாலானவை மனைவி பெயரில் சீதன உறுதியாக இருக்கும். யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கையாளக் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்பது யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் கட்டளைச் சட்டத்தின் விதி. மனைவியின் வீட்டைக் கணவர் தனியே எழுதிக் கொடுத்தாலும் சரி, மனைவி தனியே எழுதினாலும் சரி, பிறகு சிக்கல் வரலாம். இருவரின் கையெழுத்தையும் கேளுங்கள். உரிமையாளர் கனடாவிலோ லண்டனிலோ இருந்தால், இங்கே திறப்பு வைத்திருக்கிற உறவினரிடம் அற்றோணித் தத்துவத்தின் (தன் சார்பில் செயற்பட உரிமையாளர் எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரத்தின்) பிரதியைக் கேளுங்கள். அதில் குத்தகைக்குக் கொடுக்கவும் வாடகை வாங்கவும் அதிகாரம் எழுதப்பட்டிருக்கிறதா என்று வாசியுங்கள். திறப்பு கையில் இருப்பதால் மட்டும் ஒருவருக்கு வீட்டைக் கொடுக்கும் உரிமை வந்துவிடாது. ஒரே வீட்டைக் காட்டி இரண்டு பேரிடம் முற்பணம் வாங்கும் தரகர்கள் உலாவுகிறார்கள். வீட்டைத் திறந்து பார்க்காமலும் உறுதியின் பிரதியைப் பார்க்காமலும் "பிடித்து வைக்க" என்று ஒரு ரூபாவும் அனுப்பாதீர்கள்.

அதிகமான பிணக்கு வருவது ஒரே ஒரு சொல்லால். முற்பணம் என்றால் கழிபடுகிற காசா, திரும்பித் தரும் வைப்பா? பேசும்போது இருவரும் தலையாட்டுவார்கள், இருவர் மனதிலும் இரண்டு கணக்கு இருக்கும். 90,000 ரூபா கொடுத்து மாதம் 5,000 ரூபா கழிப்பது என்றால் பன்னிரண்டு மாதத்தில் 60,000 கழிந்திருக்கும், எழும்பும்போது 30,000 கையில் வர வேண்டும். வைப்பு என்றால் முழு 90,000 வர வேண்டும். இதைத் தொகையோடு எழுதுங்கள். திரும்பித் தரும் திகதியையும் எழுதுங்கள், திறப்பைக் கையளித்த எத்தனையாவது நாள் என்று. பெயின்ற் காசு யாருடையது என்பதையும் விடாதீர்கள், ஏனென்றால் முடிவில் கழிக்கப்படுவது பெரும்பாலும் அந்தப் பெயரில்தான். புகும் நாளிலேயே சுவர், குளியலறைத் தளம், யன்னல் கண்ணாடி, குழாய்கள், மீற்றர் இலக்கம் எல்லாவற்றையும் கைபேசியில் படமெடுத்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கு அனுப்பி வையுங்கள். வாடகையை வங்கிக் கணக்குக்குப் போடுங்கள். கையில் கொடுப்பதென்றால் மாதப் பெயர் எழுதிய பற்றுச்சீட்டு வாங்குங்கள். கேட்க வெட்கப்பட்டவர்கள்தான் பிறகு இணக்க சபையில் காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் நிற்கிறார்கள்.

நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும், வெளிநாட்டு உறவுகள் வந்து போகும் ஆடி ஆவணியும் தனி விஷயம். கோவிலை அண்டிய அறைகள் நாள் வாடகைக்கு மாறும் காலம் அது. "ஒரு மாதம் ஊருக்குப் போய் வாருங்கோ தம்பி" என்று சொல்லப்படுவது நடக்கிற காரியம். வேலைக்குப் புதிதாக வந்தவருக்கு ஒரு மாத விடுமுறை யார் தருவார்? குத்தகைக் காலத்துக்குள் அறையை வேறு தேவைக்கு எடுப்பதில்லை என்று ஒரு வரி இருக்கட்டும். ஓகஸ்டில் வேலை தொடங்குகிறவர்கள் நல்லூரைச் சுற்றித் தேடி நாளை வீணாக்காமல் மானிப்பாய், இணுவில், கைதடிப் பக்கம் பார்ப்பது நல்லது.

அறையைப் பார்க்கும்போது வாடகையோடு சேர்த்து நிறுக்க வேண்டிய மூன்று விஷயம் சொல்கிறோம். முதலாவது மின்சாரம். வீட்டுப் பாவனைக்கு மின்கட்டணம் படி படியாக ஏறுவது, அறுபது அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே விலை மாறும். ஆறு அறைக்கும் ஒரே மீற்றர் என்றால் எல்லோருடைய பாவனையும் கூடி உச்சப் படிக்குப் போய்விடும். வீட்டின் மொத்தப் பட்டியல் 360 அலகுக்கு 18,000 ரூபா என்றால் சராசரி அலகுக்கு 50 ரூபா. உங்கள் அறையின் சிறு மீற்றர் 40 அலகு காட்டினால் உங்கள் பங்கு 2,000. தனி மீற்றர் உள்ள சின்ன வீட்டில் அதே 40 அலகுக்கு இதில் ஒரு சிறு பங்குதான் வரும். எனவே "கரண்ட் தனி" என்று சொன்னால், பிரதான பட்டியலைப் பார்த்து மொத்தத்தை அலகால் வகுத்து எடுப்பதா, அல்லது வாயால் ஒரு விலையா என்று கேளுங்கள்.

இரண்டாவது தண்ணீர். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல், வெடிப்பு விழுந்தது. மலக்குழியில் ஊறுவது கிணற்றுக்குப் போக அதிக நேரம் எடுக்காது. குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் ஐம்பது அடியாவது இருக்கிறதா என்று காலால் அளந்து பாருங்கள். இரண்டு பரப்பு வளவில் மூன்று மாடி ஏற்றி அறை பிரித்த இடங்களில் அது இருக்காது. அப்படியான கிணற்றில் நைத்திரேற்று கூடியிருக்கலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. கைக்குழந்தையோடு வருகிறவர்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லித் தண்ணீரைப் பரிசோதிக்கட்டும், அதுவரை குடிதண்ணீரை வெளியில் எடுங்கள். கரையோரப் பக்கம் என்றால் உவர். ஆவணி புரட்டாதியில் ஒருமுறை வாயில் விட்டுப் பார்த்தவர்தான் அந்தக் கிணற்றை அறிந்தவர். மழைக் காலத்தில் பார்த்து முடிவெடுக்க வேண்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

மூன்றாவது சமையல், இதுதான் பெரியது. அறையில் சமைக்கக் கூடாது என்றால் மத்தியானப் பார்சல் 400, இரவுக்கு 300 என்று வைத்தாலும் மாதம் 21,000 ரூபா. சோற்றைக் குக்கரில் போட்டு ஒரு பருப்பும் ஒரு கறியும் வைக்க விட்டால் அதில் பாதியோடு முடியும். ஆகவே சமைக்க விடாத 12,000 ரூபா அறையை விடச் சமைக்க விடும் 18,000 ரூபா அறை மலிவு. சைவ வீடு, மச்சம் கூடாது என்றால் அதை முன்பே சொல்லிக்கொள்வது இரு பக்கத்துக்கும் மரியாதை.

மற்றபடி, மொட்டை மாடிக்குக் கீழ் அறை என்றால் தெற்குப் பக்கம் யன்னல் இருந்தால் சோளகக் காற்று உள்ளே வரும், இல்லாவிட்டால் சித்திரை வைகாசியில் நித்திரை இல்லை. சுவரின் அடியில் ஒரு முழத்துக்கு உப்புப் பூத்த கோடு இருந்தால் கார்த்திகை மழைக்குத் தண்ணீர் நிற்கும் இடம். இரவுக் கடமை உள்ள தாதியர், ஒன்பது மணிக்குப் படலை பூட்டும் வீட்டுக்குப் போகாதீர்கள், எவ்வளவு நல்ல மனிதர்களாக இருந்தாலும்.

தூரத்தில் இருந்தால் மலிவு என்று எல்லோரும் சொல்வதிலும் ஒரு பிழை உண்டு. சாவகச்சேரிப் பக்கமிருந்து பட்டினத்துக்கு வந்து போக ஏறக்குறைய 30 கிலோமீற்றர். மோட்டார் சைக்கிள் லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடினால், பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் நாளுக்கு 200 ரூபா, 24 வேலை நாளுக்கு 4,800. ஒயில், ரயர் வேறு. வாடகையில் ஐயாயிரம் மிச்சம் என்றால் உண்மையில் மிச்சம் ஒன்றுமில்லை. பஸ்ஸில் வந்தால் மிஞ்சும், ஆனால் இரவு ஏழு மணிக்குப் பின்னர் பஸ் குறைவு. பருத்தித்துறைக்குப் போகும் 750 ஆம் இலக்க பஸ் வழி போல அடிக்கடி பஸ் ஓடும் தெருவிலிருந்து நடக்கும் தூரத்தில் அறை எடுப்பது, உள் ஒழுங்கையில் இரண்டாயிரம் குறைந்த அறையை விட நல்லது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். "எந்த இடம்? ஆர் ஆக்கள்?" என்ற கேள்வி இன்னும் படலையடியில் கேட்கப்படுகிறது. முதலில் அறை இருக்கிறது என்பார்கள், ஊரைச் சொன்ன பிறகு "நேற்றுத்தான் ஒருவர் அட்வான்ஸ் தந்திட்டுப் போனவர்" என்பார்கள். சாதிக்காகவும், மலையகம், வன்னி என்பதற்காகவும், தனியே வரும் பெண் என்பதற்காகவும், சமயத்துக்காகவும் கதவு அடைபடுகிறது. எங்கள் பிள்ளைகளின் காய்ச்சலுக்கு ஊசி போடவும் கணக்குச் சொல்லிக் கொடுக்கவும் வருகிறவர்கள் இவர்கள். சம்பளக் கடிதமும் முந்திய வீட்டுக்காரரின் சொல்லும் கேட்பது நியாயம். பிறப்பைக் கேட்பது அநியாயம், அது நிற்க வேண்டும்.

வேலை கொடுப்போர் பெரிய செலவில்லாமல் இரண்டு காரியம் செய்யலாம். சேர்ந்த பத்தாவது வேலை நாளில் அதுவரை உழைத்த சம்பளத்தைக் கொடுங்கள். அது கடனல்ல, அவர் ஏற்கெனவே உழைத்த காசு. அடுத்தது, முற்பணத்துக்குப் பதிலாக வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம். இன்னார் எங்களிடம் இன்ன சம்பளத்தில் நிரந்தரமாகச் சேர்ந்திருக்கிறார், அவரின் எழுத்துச் சம்மதத்தோடு வாடகையை மாதாந்தம் சம்பளத்திலிருந்து உங்கள் கணக்குக்கு அனுப்புவோம் என்று. மாத வாடகை தவறாது என்று தெரிந்தால் ஆறு மாதம் கேட்கக் காரணமில்லை. அரச துறையில் இடர்கடன், விழா முற்பணம் என்று உண்டு, ஆனால் முதல் மாதக்காரருக்கு அவை கைக்கு எட்டுவதில்லை. திணைக்களங்களுக்குச் சொந்தமான, கூரை மட்டும் பழுதாகிப் பூட்டிக் கிடக்கும் விடுதிகளைத் திருத்தி, புதிதாக நியமனம் பெற்றவருக்கு மூன்று மாதம் மட்டும் என்ற நிபந்தனையோடு சுழற்சியில் கொடுத்தால் அந்த நாற்பது ஐம்பது நாட்களைத் தாண்டிவிடுவார்கள்.

உங்கள் பத்திரிகையிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. "வாடகைக்கு அறை உண்டு, நியாயமான வாடகை, நேரில் பேசலாம்" என்று வரும் சிறு விளம்பரங்களைப் பார்த்து, ஒரு நாள் லீவு போட்டு ஐந்து வீடு ஏறி இறங்கி, ஐந்திலும் ஒரு வருட முற்பணம் என்று கேட்டுத் திரும்புகிறார்கள். வாடகைத் தொகை, எத்தனை மாத முற்பணம், அது கழிபடுமா திரும்புமா, தனி மீற்றரா, சமைக்கலாமா என்ற ஐந்து விபரமும் இல்லாத வாடகை விளம்பரத்தை ஏற்பதில்லை என்று நீங்கள் ஒரு விதி வைக்க முடியுமா? விளம்பரத்தில் இரண்டு வரி கூடும். அந்த இரண்டு வரியின் கட்டணத்தை மட்டும் விட்டுக்கொடுத்தால் வீட்டுக்காரரும் மறுக்க மாட்டார்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
கொக்குவில்.